பங்குக் கிணறு

கொக்குவிலுக்கு வந்த முதல் வருசம் எனக்கு இந்த ஊரில் ஆட்களைத் தெரியாது. கிணறுகளைத்தான் தெரியும். புகையிரதப் பாதைக்கு இந்தப் பக்கத்து ஒழுங்கைகளில் தண்ணீர் நல்லது, ஆனால் கல் கடுமை. அந்தப் பக்கம் போனால் மண் அதிகம், சேறும் அதிகம். சந்திக்குக் கிட்ட உள்ள மாடிவீட்டுக் கிணறு கோடையில் சவர் தட்டும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பேன். எனக்குக் கூச்சம் கூட. ஒரு வீட்டுப் படலையடியில் நின்று ஆட்களைக் கூப்பிடுவதற்கே எனக்கு நேரம் எடுக்கும்.

சண்டிலிப்பாயில் நான் குத்தகைக்குச் செய்த தோட்டக் காணியை உரிமைக்காரர் விற்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து, பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியில் மனைவிக்குச் சமையல் வேலை கிடைத்தது. விடுதிக்குக் கிட்டவாக ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். தோட்டக் கிணறுகளில் இறங்கிச் சேறு அள்ளிப் பழகிய கை என்பதால், நான் வீட்டுக் கிணறு இறைக்கிற வேலைக்குப் போனேன். உரும்பிராயைச் சேர்ந்த ஒரு அண்ணை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பம்பைக் கட்டிக்கொண்டு வருவார். அவர் மேலே நின்று இறைப்பார், நான் உள்ளே இறங்குவேன். கதைக்கிறதெல்லாம் அவர்தான்.

ஆடி பிறந்தால் எங்களுக்கு ஓய்வு இருக்காது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வர முதல், பூட்டிக் கிடக்கிற வீடுகளின் கிணறுகளை இறைக்கவேண்டும். தொலைபேசியில் இடம் சொல்லுவார்கள். ஓவசியர் வீடு, தபாலதிபர் வீடு, சங்கீத ரீச்சர் வீடு. போய்ப் பார்த்தால் ஓவசியரும் இருக்கமாட்டார், ரீச்சரும் இருக்கமாட்டார். சாவி வைத்திருக்கிற யாரோ ஒருவர் கேற்றைத் திறந்துவிடுவார்.

"இஞ்சை இருக்கிற ஆக்களின்ரை பேரிலை ஒரு வீடும் இல்லையடா தம்பி" என்பார் பம்ப் அண்ணை. "செத்தவையும் போனவையும்தான் இஞ்சை விலாசம்."

சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் பத்து அறை வீட்டின் பின்பக்கத்தில், ஒருவரும் தண்ணீர் அள்ளாத கிணற்றுக்குள் தனியாக நிற்கும்போது அந்தச் சிரிப்பு வராது. மேலே யாரோ நடக்கிற மாதிரி இருக்கும். பம்பின் சத்தம்தான் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் இருந்த வீட்டுக் கிணறு பங்குக் கிணறு. அதன் நடுவால் எல்லை மதில் போகிறது. பாதிக் கிணறு எங்கள் வளவில், பாதி பக்கத்து வளவில். மதில் கிணற்றுக் கட்டின் மட்டத்தோடு நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரே தண்ணீர். எங்கள் பக்கம் நின்று குனிந்து பார்த்தால், அந்தப் பக்கம் குனிந்து நிற்கிற ஆளின் முகம் தண்ணீரில் தெரியும். நேருக்கு நேர் பார்க்க முடியாது. தண்ணீரில் மட்டும் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவை நான் முதலில் கண்டது வீட்டுக்குள்தான். பால் காய்ச்சிய அன்று ஒழுங்கையில் உள்ளவர்களுக்குச் சொல்லியிருந்தோம். மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டை ஒவ்வொரு பெண்ணுக்கும் நீட்டிக்கொண்டு போனாள். அறுபதைத் தாண்டிய, மெலிந்த ஒரு அம்மா கதவோரம் நின்றா. பக்கத்து வீட்டில் தனியே இருக்கிற மனுசி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெளிறிய சேலை. தலையில் பூ இல்லை. மனைவி அவவைத் தாண்டித் தட்டை அடுத்தவருக்கு நீட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் புருசன் இல்லாதவர்களுக்குக் குங்குமம் நீட்டி மனதை நோகடிக்கமாட்டோம்.

அந்த அம்மா கையை நீட்டித் தட்டைப் பிடித்து நிறுத்தினா.

"பிள்ளை, நான் பொட்டு வைக்கிற ஆள்தான்."

மனைவியின் முகம் செத்துப்போனது. "ஐயோ அக்கா, தெரியாமல்..."

"ஆருக்கும் தெரியாதுதானே" என்று சொல்லி, குங்குமத்தைத் தொட்டு, தெரியாத அளவுக்கு மங்கியிருந்த பொட்டின் மேல் அழுத்தி வைத்தா. கோபப்படவில்லை. பால் குடித்துவிட்டுத்தான் போனா.

அதன் பிறகு மனைவி அவவோடு நல்ல ஒட்டு. மதிலுக்கு மேலால் கறிச்சட்டி போகும், முருங்கைக்காய் வரும். என்னை அவ "தம்பி" என்பா. நான் "அக்கா" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பேன்.

வேலை முடிந்து வந்து பொழுதுபடுகிற நேரம்தான் நான் குளிப்பேன். ஒரு நாள் வாளியை விடப் போனபோது மதிலுக்கு அந்தப் பக்கம் கதை கேட்டது. தொலைபேசியில் கதைக்கிறா என்று நினைத்து நான் சத்தம் போடாமல் நின்றேன்.

"கத்தரிக்கு இண்டைக்குத் தண்ணி விடேல்லை. முழங்கால் ஏலாது. நீங்கள் இருந்தால் விடுவியளோ? அதுவும் இல்லை. சந்தியிலை நிண்டு பேப்பர் பாத்துக்கொண்டு நிப்பியள்."

பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தா. மறுமொழி கேட்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் அவவின் முகம் தெரிந்தது. கையில் தொலைபேசி ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் பார்த்துத்தான் கதைத்துக்கொண்டிருந்தா. பிறகு தண்ணீரில் என் முகத்தைக் கண்டுவிட்டா.

"தம்பியே? குளியும், குளியும். நான் முடிச்சிட்டன்."

அன்று நான் குளிக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு முதலே தெரிந்திருந்தது. எனக்குச் சொன்னால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று பயந்து சொல்லவில்லையாம்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வலிகாமம் முழுக்க ஒரே நேரத்தில் வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வின்போது அக்காவும் புருசனும் சனத்தோடு சனமாக, மழைக்குள் நடந்து தென்மராட்சிப் பக்கம் போயிருக்கிறார்கள். வழியில் அக்காவுக்கு நினைவு வந்திருக்கிறது, மாட்டை அவிழ்த்துவிடவில்லை. எல்லோரும் ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார்கள். இவர்கள் அவசரத்தில் மறந்துவிட்டார்கள். "கட்டையிலை நிண்டு செத்துப்போகும், போய் அவிட்டுவிட்டிட்டு ஓடி வாங்கோ" என்று அக்காதான் அனுப்பியிருக்கிறா. அவர் சனத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தார். அக்கா பாலத்தடியில் காத்து நின்றா. சனம் அவவைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

மாதக்கணக்குக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீடு இருந்தது. மாடு இல்லை. ஆளும் இல்லை. கட்டையில் கயிறு இருந்தது.

"அறுந்த கயிறு இல்லை. அவிட்ட கயிறு" என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறா. "அவர் இஞ்சை வந்திட்டார் பிள்ளை. வந்துதான் அவிட்டவர். இந்த வளவைவிட்டு வெளியாலை போன அவரை ஒருதரும் காணேல்லை."

அந்த நாளில் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கிணற்றை இறைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்கள். எந்தக் கிணற்றுக்குள் என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும். அக்கா மட்டும் இறைக்க விடவில்லை. பங்குக் கிணற்றை ஒரு பக்கத்தார் மறித்தால் மற்றப் பக்கத்தார் இறைக்க முடியாது. எங்கள் வீட்டில் எங்களுக்கு முன் இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்களாம்.

"அவ அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா" என்றாள் மனைவி. "அவர் இருக்கிற தண்ணியெண்டால் நான் குடியாமல் ஆர் குடிக்கிறதெண்டு கேக்கிறா."

நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் இருந்த குடத்தைப் பார்த்தோம். அடுத்த நாளில் இருந்து மனைவி விடுதியில் இருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எனக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. ஊரெல்லாம் கிணறு இறைக்கிறேன். எந்தக் கிணற்றின் அடியில் பித்தளைச் செம்பு கிடந்தது, எதில் துருப்பிடித்த இரும்பைக் கண்டு குண்டென்று பயந்து மேலே ஏறினேன் என்றெல்லாம் தெரியும். என் வீட்டுக் கிணற்றின் அடி மட்டும் தெரியாது. வேலையில் கல்லைத் தடவும்போதும் அதுதான் நினைவில் வரும். இரவில் படுத்தால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிற மாதிரி இருக்கும்.

போன ஆடியில் மழை ஒரு துளியும் இல்லை. மோட்டர் காற்றை இழுத்தது. தண்ணீர் கலங்கி, சேற்று மணம் அடித்தது. லண்டனில் இருக்கிற வீட்டுக்காரர் தொலைபேசியில், "இறையுங்கோ, ஆனால் அந்த மனுசியைக் கேட்டுச் செய்யுங்கோ, சண்டை வேண்டாம்" என்றார். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வெட்டைவெளியில் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுக்கிற செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. காணாமல் போனவர்களின் ஆட்கள் அங்கே போய் நிற்கிற படங்களும் வந்தன. அக்கா போகவில்லை. பேப்பர்க்காரனை மறித்து ஒவ்வொரு நாளும் பேப்பர் மட்டும் வாங்கினா.

ஒரு பின்னேரம் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிட்டா.

"தம்பி, கிணத்தடிக்கு வாரும். எட்டிப் பாரும்."

பார்த்தேன். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். சுற்றிவரச் சேறு தெரிந்தது. தண்ணீரில் அவவின் முகம் முழுசாகத் தெரியவில்லை.

"இத்தனை காலத்திலை அடி தெரியிறது இதுதான் முதல்தரம்" என்றா. "ஒவ்வொரு நாளும் எட்டிப் பாக்கிறன். பாக்கவும் பயமாக் கிடக்கு, பாக்காமல் இருக்கவும் ஏலாமல் கிடக்கு. நீர் இறங்குவீரோ?"

நான் வாளிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

"வேறை ஆக்கள் எண்டால் கண்டாலும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போடுவாங்கள். இல்லாட்டிப் பயத்திலை சும்மா மேலாலை தடவிப்போட்டு வருவாங்கள். நீர் பக்கத்திலை இருக்கிற ஆள். பேந்தும் என்ரை முகத்திலை முழிக்க வேணும்."

"ஓம் அக்கா."

"என்ன கண்டாலும் முதல் எனக்குச் சொல்லும். பொலிசுக்கு, ஊருக்கு எல்லாம் பேந்து. பொட்டை அழிக்கிறதோ வைக்கிறதோ எண்டு நான் அதுக்குப் பிறகுதான் யோசிக்க வேணும். இன்னுமொண்டு. சேறு முழுக்க என்ரை பக்கம் கொட்ட வேணும்."

பம்ப் அண்ணை விசயத்தைக் கேட்டதும் லான்ட்மாஸ்டரைத் திருப்பப் பார்த்தார். "உனக்கென்ன விசரே? வெளிநாட்டுக்காரன்ரை கிணறுகள் வரிசையிலை கிடக்கு, நீ எலும்பு தேடப் போறியோ?" என்றார். பிறகு மதிலுக்கு மேலால் தெரிந்த அக்காவின் தலையைக் கண்டார். இறங்கிக் குழாயைப் பூட்டினார்.

தண்ணீர் வற்றக் கனநேரம் எடுக்கவில்லை. நான் வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக அடித்து அடியில் நின்ற கெட்ட காற்றை எழுப்பினேன். பிறகு விளக்கை இறக்கிப் பார்த்தோம். அணையவில்லை. கற்பூரம் கொளுத்தினேன். அந்தப் பக்கத்தில் அக்காவும் கொளுத்தியிருக்கவேண்டும், இரண்டு பக்கத்துப் புகையும் மதிலுக்கு மேலே ஒன்றாகப் போனது.

அடியில் இருந்து மேலே பார்த்தால் மற்றக் கிணறுகளில் வானம் வட்டமாகத் தெரியும். இதில் இரண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு துண்டில் பம்ப் அண்ணையின் தலை. மற்றதில் அக்காவின் தலை. மதில் நடுவில் கறுப்பாக, தடித்த கோடு மாதிரி.

சேறு இடுப்பளவு இருந்தது. மற்ற இடங்களில் சவளால் வெட்டி வாளியை நிரப்புவேன். இங்கே கையால்தான் அள்ளினேன். ஒவ்வொரு கை சேற்றையும் விரலால் பிசைந்து பார்த்துத்தான் வாளியில் போட்டேன். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் சில நேரம் விரல் மாதிரியும் முழங்கை மாதிரியும் உடையும். அப்படி ஒன்று கையில் பட்டபோதெல்லாம் வாளியைக் கீழே வைத்தேன். கழுவிப் பார்த்தால் கல். திரும்பவும் கல்.

வாளி மேலே போகும். பம்ப் அண்ணை அதை மதிலுக்கு அந்தப் பக்கம் கொடுப்பார். அக்கா வாங்கி முற்றத்தில் கொட்டிப் பரப்புவா. இடைக்கிடை அவவின் குரல் உள்ளே வரும்.

"அது என்ரை சில்வர்ப் பேணி. போன வருசம் விழுந்தது."

"வாளிக் கைபிடி அக்கா" என்பார் அண்ணை.

"அது முந்தி இருந்தவையின்ரை."

ஒரு ரோச்லைற் வந்தது. பிள்ளைகளின் பந்து, சிரட்டைகள், ஓட்டுத் துண்டுகள், ஒற்றைச் செருப்பு. செருப்பை அனுப்ப முதல் நான் கனநேரம் கையில் வைத்திருந்தேன். சின்னச் செருப்பு, பொம்பிளைப் பிள்ளையுடையது. பிறகு அதையும் மேலே அனுப்பினேன். அன்று முழுக்க அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை.

கல் தெரிந்தது. தண்ணீர் வருகிற இடத்தில், அக்காவின் பக்கத்துச் சுவரோடு ஒரு பொந்து இருந்தது. கையை விட்டேன். தோள்மூட்டு வரை போனது. விரலில் குளிர்ந்த தண்ணீர் மெல்லமாக வந்து பட்டது, உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி. வேறு ஒன்றும் படவில்லை. நான் கையை எடுத்தேன். பிறகு மற்றக் கையையும் விட்டுப் பார்த்தேன்.

மேலே ஏறி வந்து, சேற்றோடு ஒழுங்கையால் சுற்றி அக்காவின் வளவுக்குப் போனேன். அதுவரை அந்தப் படலைக்குள் நான் போனதில்லை. அவ சேற்றுக்கு நடுவில் குந்தியிருந்தா. கை இரண்டும் முழங்கை வரை கறுப்பு.

"இல்லை அக்கா."

"வடிவாப் பாத்தீரோ?"

"கல்லு மட்டும் பாத்தனான். ஒரு பொந்து கிடக்கு. கைதான் போகும், ஆள் போகாது."

அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. நானும் பார்த்தேன். பார்க்காமல் விட்டால் பொய் சொல்லுகிறேன் என்று நினைப்பா.

"அப்ப எங்கை போயிட்டார்?" என்றா.

கேட்டது என்னை இல்லை. குரலில் அழுகையும் இல்லை, கோபம்தான் இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் வீட்டுக்கு வராத புருசனில் ஒரு பெண்ணுக்கு வருகிற கோபம்.

அந்தச் சேற்றை அவ ஒரு கிழமைக்கு மேலாகக் கிளறினா. காய்ந்த கட்டிகளை உடைத்துச் சுளகில் புடைத்தா. மனைவி போய்க் கூட இருந்து புடைத்தாள். பிறகு அதைக் கத்தரிக்குப் போட்டார்கள்.

கிணற்றில் புதுத் தண்ணீர் ஊறியது. நல்ல தண்ணீர், கண்ணாடி மாதிரி. நாங்கள் குடிக்கிறோம். அக்கா பொழுதுபடுகிற நேரத்தில் கிணற்றடிக்கு வருவதை விட்டுவிட்டா. தண்ணீர் அள்ளுவா, போவா. குனிந்து பார்த்தால் தண்ணீரில் வானம் மட்டும் இருக்கும். முன்பு அந்தக் குரலுக்குப் பயந்து குளிக்காமல் விட்டவன் நான். இப்போது அது இல்லாமல் அங்கே நிற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒழுங்கைப் பக்கத்துப் படலையை அவ சாத்துவதில்லை. நாய் வருகிறது, மாடு வந்து கத்தரியைத் தின்றுவிட்டுப் போகிறது. மனைவி சாத்தினால், பிறகு போய்த் திறந்துவிடுகிறா.

"இஞ்சாருங்கோ, நாங்கள் செய்தது சரியோ?" என்று மனைவி கேட்டாள். "கிணத்துக்குள்ளை இருக்கிறார் எண்டு நினைச்ச காலத்திலை மனுசி நித்திரை கொண்டது. இப்ப சைக்கிள் சத்தம் கேட்டாலும் எழும்புது."

நான் எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன், படலை திறந்துதான் கிடந்தது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா எங்கள் கேற்றடிக்கு வந்தா. புதுச்சேலை உடுத்தியிருந்தா. பொட்டு எப்போதையும்விடப் பெரிதாக இருந்தது.

"தம்பி, நீர் ஊரெல்லாம் போறனீர். அவருக்கு இடது காதின்ரை நுனி கொஞ்சம் இல்லை. சின்னனிலை நாய் கடிச்சது. மற்றதெல்லாம் இவ்வளவு காலத்துக்கு மாறியிருக்கும், அது மாறாது. கண்ணிலை பட்டால் சொல்லும்."

பட்டால் சொல்லுகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு இந்த ஊர் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற கிழவர்களின் இடது காதைப் பார்க்கிறேன். கடவையில் ரயிலுக்குக் காத்து நிற்கும்போது பார்க்கிறேன். கோயில் வீதியில் கச்சான் கடலை விற்கிறவர், ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருக்கிறவர், தேத்தண்ணிக் கடையில் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறவர். துவாயை அவிழ்க்கும்வரை நான் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு இருக்கிறேன். "என்ன தம்பி, ஆரெண்டு பிடிபடேல்லையோ? எவடம் நீர்?" என்று அவர்கள் கேட்பார்கள். சொல்லுவேன். அவர்களும் தங்கள் இடத்தைச் சொல்லுவார்கள், யாருடைய ஆட்கள் என்று சொல்லுவார்கள், போய்ச் சேர்ந்தவர்களைச் சொல்லுவார்கள். இப்படித்தான் எனக்கு இந்த ஊரில் ஆட்களைத் தெரியவந்தது.

பின்னேரம் நான் வாளியை விடுகிற சத்தம் கேட்டால் அக்கா மதிலடிக்கு வருவா.

"இண்டைக்கு எந்தப் பக்கம்?"

"உரும்பிராய் அக்கா."

"ம். அங்கை இல்லையோ." தன் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைப்பா. "நாளைக்கு?"

"நீர்வேலி."

"அப்ப வாழைக்குலை விக்கிற சந்தையடியிலை பாரும். விடியவெள்ளெனப் போம். அவர் சந்தைக்குப் போனால் ஆக்களைக் கண்டு கதைச்சுக்கொண்டு நிண்டிடுவார். கெதியிலை வரமாட்டார்."